வெள்ளை நிறத்தில் ஒரு பயம்

ரத்தக்காட்டேரிப் படம் என்றால் கறுப்பு அங்கி, கோரைப்பல், இருட்டு மாளிகை. டென்மார்க் இயக்குநர் கார்ல் டிரையரின் ‘வாம்பிர்’ (1932) படத்தில் இவற்றைத் தேடிப் பிரயோஜனமில்லை. காட்டேரி இங்கே கம்பூன்றி நடக்கும் ஒரு கிழவி. ரத்தம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமே கண்ணில் படாது.

முதல் தடவை பார்த்தபோது அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டேன். அதற்காக வெட்கப்படவில்லை, ஒன்றேகால் மணி நேரப் படமே அரைத்தூக்கத்தில் நடப்பது மாதிரிதான் இருக்கும். கேமராவுக்கு முன்னால் மெல்லிய வலைத்துணியைப் பிடித்து எடுத்திருக்கிறார்கள். அதனால் எல்லாமே பாலில் நனைத்தது போல வெளிறிக் கிடக்கிறது. ஒற்றைக்கால் சிப்பாயின் நிழல் அவனை விட்டுத் தனியாகச் சுற்றிவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்காருகிறது. ஏன் என்று யாரும் விளக்குவதில்லை.

கதாநாயகன் முகத்தில் ஒரு உணர்ச்சியும் வராது. படத்துக்குப் பணம் போட்ட நிக்கோலா த குன்ஸ்பர்க்தான் வேறு பெயரில் நடித்திருக்கிறார். தயாரிப்பாளரே ஹீரோ ஆவது நமக்குப் புதிதா என்ன! ஆனால் அந்த மரக்கட்டை முகம் இந்தப் படத்துக்குப் பொருந்திப் போகிறது.

சரி, சவப்பெட்டிக் காட்சிக்கு வருகிறேன். கதாநாயகன் தன் பிணத்தையே பார்க்கிறான். பெட்டி மூடியில் முகத்துக்கு நேரே சின்னக் கண்ணாடி ஜன்னல். திடீரென்று கேமரா உள்ளே படுத்துக்கொள்கிறது. மேலே திருகாணி முடுக்குகிறார்கள். கண்ணாடிமேல் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். கிழவி குனிந்து எட்டிப் பார்க்கிறாள். அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மரக்கிளைகளும் வானமும் நம் முகத்துக்கு மேலே நகர்கின்றன. பட்டப்பகல். இருட்டே இல்லாமல் இவ்வளவு பயமுறுத்திய இன்னொரு பேய்ப்படம் எனக்குத் தெரியாது.

1932இல் படத்தை பெர்லினில் வெளியிட்டபோது கூச்சல் போட்டுக் கேலி செய்தார்கள். டிரையரின் அடுத்த முழுநீளப் படம் வர பத்து வருடத்துக்கு மேல் ஆனது. பல்லைக் காட்டும் காட்டேரியை எதிர்பார்த்து வந்தவர்களைக் குறை சொல்ல முடியாதுதான். ஆனாலும் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

கடைசியில் கிழவிக்குக் கையாளாக இருந்த டாக்டர் மாவு ஆலையில் மாட்டிக்கொள்கிறார். மேலிருந்து மாவு கொட்டுகிறது, கொட்டுகிறது, கொட்டிக்கொண்டே இருக்கிறது. கம்பியைப் பிடித்த கை மட்டும் கொஞ்ச நேரம் தெரிகிறது.

மறுநாள் கோதுமை அரைக்கப் போனேன். டப்பாவைக் கொடுத்துவிட்டு மில் வாசலிலேயே நின்றுகொண்டேன்.