போடியார் விஸ்வநாதனும் இரண்டு மகள்மாரும்

‘காதலிக்க நேரமில்லை’ வந்தது 1964இல். அறுபது வருடம் தாண்டியும், எங்கள் வீட்டில் அந்தப் படம் ஓடத் தொடங்கினால் குசினியில் நிற்கிறவர்கள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து உட்காருகிறார்கள். பழைய படம், பழைய ஞாபகம், அதனால்தான் பிடிக்கிறது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பழைய படங்கள் எத்தனையோ கிடக்கின்றன. அதில் பலதை இன்றைக்கு அரை மணித்தியாலம் இருந்து பார்க்க ஏலாது. என் தங்கையின் பிள்ளைகள் நாகேஷ் யாரென்றே தெரியாமல் வளர்ந்தவர்கள். பேய்க்கதைக் காட்சியில் அவர்கள் பாயில் புரண்டு சிரித்தார்கள். அவர்களுக்கு எந்தப் பழைய ஞாபகம் இருக்கிறது?

பேசுகிறவரை விடக் கேட்கிறவர் நன்றாக நடித்த படம் இது. அதன் பலமே அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அந்தப் பேய்க்கதைக் காட்சியையே எடுங்கள். எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாக வருகிறவர் பாலையா, அவருடைய மகன் செல்லப்பாவாக நாகேஷ். செல்லப்பாவுக்குப் படம் எடுக்கும் பைத்தியம். ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று கம்பனியும் தொடங்கியாகிவிட்டது. காசு மட்டும் அப்பாவிடம் இருக்கிறது. அப்பாவை இருத்தி வைத்துக் கதை சொல்லத் தொடங்குகிறார். காற்று, கதவு, காலடி எல்லாவற்றையும் வாயாலேயே கொண்டுவருகிறார் நாகேஷ். எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள். ஒருமுறை அவரை விட்டுவிட்டுப் பாலையாவை மட்டும் பாருங்கள். இவன் என்னத்தைச் சொல்லப் போகிறான் என்ற அலட்சியம்தான் முதலில் அந்த முகத்தில் இருக்கும். பிறகு மெல்ல மெல்லக் கண் பெரிதாகும். திறந்த வாய் திறந்தபடியே நிற்கும். உதவாக்கரை என்று நினைத்த மகனின் கதைக்குள் இழுபட்டு, சொந்த வீட்டுக்குள் இருந்துகொண்டே அந்த மனுசன் நடுங்குவார். அவருக்கு வசனம் கொஞ்சம்தான். கேட்டே அந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்திவிட்டார்.

இத்தனைக்கும் பாலையா வில்லனாக வந்தவர். 1936இல் ‘சதிலீலாவதி’யில் தொடங்கியவர்; எம்.ஜி.ஆரின் முதல் படமும் அதுதான். மற்றவர்களைப் பயமுறுத்திப் பழகிய அந்தக் கண்களை, பயப்படுகிற கண்களாக மாற்றிக் காட்ட ஒரு டைரக்டருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த டைரக்டர் ஸ்ரீதரும் 1962இல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ எடுத்து ஊரையே அழவைத்தவர். அவரும் சித்ராலயா கோபுவும் சேர்ந்து இந்தச் சிரிப்பை எழுதினார்கள். அழவைக்கத் தெரிந்தவர்கள் சிரிக்க வைக்கும்போது அதில் ஒரு நிதானம் இருக்கும். எந்த இடத்திலும் ‘சிரியுங்கள்’ என்று இந்தப் படம் நம்மைக் கிள்ளுவதில்லை.

கதை நடப்பது சின்னமலையில் ஓர் எஸ்டேட்டில். எடுத்தது பொள்ளாச்சிக்குக் கிட்ட, ஆழியாறு பக்கம். ஆனால் மட்டக்களப்பில் இருந்து பார்க்கிறவர்களுக்கு விஸ்வநாதன் வேறு ஆள். என் அம்மம்மா அவர் வந்த உடனேயே, “இவர் நம்மட போடியார்தான் மனே” என்று சொல்லிவிடுவார். போடியார் என்றால் எங்கள் பக்கத்துப் பெரிய வயற்காரர். வயல் நிறைய, மாடு நிறைய, கோபமும் நிறைய. வயலில் வேலை செய்கிற முல்லைக்காரன் மேல் கோபம் வந்தால் அந்த நிமிசமே ‘நாளைக்கு வராதே’. எஸ்டேட்டில் வேலை பார்த்த, தன் மகளைக் காதலிக்கிற அசோக்கை வேலையால் நிறுத்துகிற விஸ்வநாதனை எங்கள் ஆட்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். நிறுத்தப்பட்டவன் ஊரை விட்டுப் போகாமல், அவர் வீட்டு முன்னாலேயே கூடாரம் அடித்து வேலை கேட்டுக் கோஷம் போட்டதைத்தான் பார்த்ததில்லை. அதனால் அந்த இடத்தில் எங்கள் பக்கத்துச் சிரிப்பில் கொஞ்சம் சந்தோசமும் கலந்திருக்கும்.

அதற்கு மேலே, இரண்டு மகள்மார். எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் பெண்ணுக்கு வீடு. இரண்டு மகள் என்றால் இரண்டு வீடு. மாப்பிள்ளை வந்து அங்கேதான் குடியிருப்பார். வருகிறவன் யார், என்ன குடி, அதாவது எந்த வம்சம், கையில் என்ன இருக்கிறது என்று ஒரு தகப்பன் விசாரிக்கிற விசாரிப்பு சாதாரணமானதல்ல. அப்படிப்பட்டவர், வேலையால் நிறுத்திய பொடியன் பெரிய பணக்காரரின் மகன் என்று கேள்விப்பட்டதும் எப்படிக் குழைகிறார்! மரியாதை கூடிப்போய், எங்கே வைப்பதென்று தெரியாமல் நாக்கே வழுக்குகிறது: ‘அசோகர் உங்க மகருங்களா?’ அந்த ஒரு வரியை ஊரில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். காசாசையை அவ்வளவு வெளிச்சமாகக் காட்டிவிட்டு, அந்த மனிதர் மேல் வெறுப்பு மட்டும் வராமல் பார்த்துக்கொண்டதுதான் பெரிய வேலை. படம் முடியும்போது நாம் அவர் பக்கம்தான் நிற்கிறோம்.

நான் இதை முதலில் பார்த்தது கொக்கட்டிச்சோலைப் பக்கம், ஒரு சாமத்தியக் கலியாண வீட்டில். வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் எங்களுக்குக் கரண்ட் இல்லாத காலம். மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது. அதற்கு முன் டிவி, டெக், ஜெனரேட்டர் எல்லாம் மண்முனைத் துறையில் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறித்தான் ஆற்றைக் கடந்து வரவேண்டும். இரவு முழுக்கப் படம் ஓடும். சண்டைப் படத்துக்குப் பொடியன்கள் இருப்பார்கள், சாமிப் படத்துக்குக் கிழவிகள் இருப்பார்கள். இந்தப் படத்துக்கு எல்லோரும் இருந்தார்கள். யுத்தத்தால் ராவில் சத்தமாகக் கதைக்கவே யோசித்த வருடங்கள் அவை. அப்படியான நேரத்தில் ஒரு வளவு நிறையச் சனம் வாய்விட்டுச் சிரித்ததை நான் கேட்டிருக்கிறேன். இந்தப் படத்தைப் பற்றி யாராவது ‘வெறும் பொழுதுபோக்கு’ என்று எழுதினால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

குறை இல்லையா? இருக்கிறது. தொடக்கத்தில் அக்காவையும் தங்கையையும் சீண்டிப் பாடுகிற பாட்டு இப்போது எனக்கு உறுத்துகிறது. மகள்மாராக வருகிற காஞ்சனாவுக்கும் ராஜஸ்ரீக்கும் சிரிக்க வைக்கிற வேலையே கொடுக்கவில்லை. பெண்கள் பக்கம் அந்த வேலை சச்சுவுக்கு மட்டும்தான் கிடைத்தது. ஆனால் யாருடைய நிறத்தையும் உடம்பையும் வைத்து எழுதிய பகிடி ஒன்று கூட என் நினைவுக்கு வரவில்லை. வில்லன் என்று ஒருத்தரும் இல்லை. இப்போது வருகிற குடும்பப் படங்களில் சிரிப்புக்கு எப்போதும் ஒரு ஆள் அடி வாங்கவேண்டியிருக்கிறது. பிள்ளைகளோடு இருந்து பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

கதை தெரிந்துவிட்ட பிறகும் ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம் என்று கேட்கிறவர்கள், எங்கள் ஊரில் ஒரு வடமோடிக் கூத்துக்கு வந்து விடியும்வரை இருக்கவேண்டும். கூத்து ஆடுகிற களரியைச் சுற்றி இருக்கிற எல்லோருக்கும் கதை தெரியும். பழக்கிய நாட்களிலேயே பாதிப் பாட்டு பாடமாகியிருக்கும். தெரிந்த இடத்துக்கு இவன் எப்படி வந்து சேர்கிறான் என்று பார்க்கத்தான் அந்தச் சனம் கண்விழிக்கிறது. பாலையாவின் முகத்துக்கும் நாங்கள் அப்படித்தான் காத்திருக்கிறோம்.

ஒரு ஆதங்கம் மட்டும் உண்டு. நாகேஷையும் பாலையாவையும் பேசுகிற அளவுக்கு முத்துராமனை யாரும் பேசுவதில்லை. சிநேகிதன் அசோக்குக்காகக் கிழவன் வேசம் போட்டுப் பணக்கார அப்பாவாக வருகிற வாசு அவர்தான். அவர் விரும்புகிற பெண்ணும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். கிழவனாக இருமிக்கொண்டே காதலனாகத் தவிக்கவேண்டும், இரண்டும் ஒரே முகத்தில். பாலையா அவ்வளவு கூத்தடிக்கிற நேரத்தில் பக்கத்தில் அவர் அப்படி அடங்கி நிற்காவிட்டால் அந்தக் காட்சிகள் நின்றிருக்காது. அடுத்த முறை பார்க்கும்போது அவரையும் கொஞ்சம் கவனியுங்கள்.