வீட்டை விற்றீர்களா, மனையை விற்றீர்களா?

விற்ற கையோடு இடிக்கப்பட்ட காங்கேயம் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீட்டைப் பற்றி எழுத வேண்டாம் என்று நான்கு நாட்களாக அடக்கிக்கொண்டிருந்தேன். இடித்த படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என்னைத் தூங்கவிடாதது படம் அல்ல, விற்பனைக்கு வந்தபோது தரகர் போட்ட வரி. "மனை விலைக்கே தருகிறோம். பழைய வீட்டை இடித்துக்கொள்ளலாம்."

பழைய வீட்டை விற்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை, கரையான் ஒரு பக்கம், ஒழுக்கு ஒரு பக்கம். விற்கத்தான் நேர்கிறது. ஆனால் வீட்டை வீடாக விற்க வேண்டும். மனையாக விற்கக் கூடாது.

தொட்டிக்கட்டு வீடு என்றால் நடுவில் வானம் பார்த்த வாசல், சுற்றிலும் ஆசாரம் என்கிற கூடம், மேலே அட்டாலி என்கிற பரண், கருங்கல் மேல் ஊன்றிய தேக்குத் தூண்கள். சுண்ணாம்போடு கடுக்காயும் பனைவெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசிய சுவர். சித்திரை வெயிலில் வெளியே இருந்து வந்து அந்த ஆசாரத்தில் கால் வைத்தவருக்கு அதன் மதிப்பு தெரியும். பத்திரப் பதிவுக்குக் கட்டடத்தை மதிப்பிடும்போது வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பார்கள். நேற்று ஊற்றிய கான்கிரீட்டுக்கு விலை இருக்கிறது, தலைமுறைகளைத் தாங்கிய சுவர் கழிந்துபோகிறது. அரசாங்கக் கணக்கு அப்படி என்றால், விற்கிற நாமும் அதையே நம்ப வேண்டுமா?

"இடிக்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வாங்கியிருக்கலாமே" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். முழு உரிமையோடு கிரயம் கொடுத்துவிட்டு, சொத்தை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால் அது பொதுவாகச் செல்லாது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 11-ஆவது பிரிவு. விற்பவர் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: யாருக்கு விற்கிறோம் என்பது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், வீடு வேண்டும் என்று வருகிறவருக்கு விற்க வேண்டும், இடம் வேண்டும் என்று வருகிறவருக்கு அல்ல.

அப்படி யார் வருவார்கள் என்கிறீர்களா? கானாடுகாத்தானில் செட்டிநாட்டு வீடுகள் விடுதிகளாக நிற்கின்றன. நம் ஈரோட்டில் 1887-இல் பிறந்த இராமானுஜன் வளர்ந்த கும்பகோணம் வீட்டை ஒரு பல்கலைக்கழகம் வாங்கிப் பேணுகிறது. வருவார்கள். மூன்று மாதம் காத்திருக்கத்தான் நமக்கு மனமில்லை.

இன்னொன்று. இடிந்த அந்த வீட்டின் ஓட்டில் 1865 என்று அச்சிட்டிருப்பதை வைத்து 160 வருட வீடு என்று பலர் பகிர்கிறீர்கள். அது மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. வீட்டின் வயது அல்ல. நிற்கும்போது அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருந்தால், விழுந்த பிறகு ஓட்டைப் பார்த்து வயது கண்டுபிடிக்க வேண்டியிருக்காது.

"அந்தத் திண்ணையைத் தாண்டி எங்கள் தாத்தாவை விட்டதில்லை, இடிந்தால் எனக்கென்ன" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அவருக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் கொல்லைப்புறப் பொடக்காலிச் சுவரில் தனியாகக் கவிழ்த்து வைத்த குவளையைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவர் அதைச் சொல்லலாம். இடித்தவரும் தரகரும் அவர் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது.

ஆனால், "பெண் பிள்ளைகள் பங்கு கேட்க ஆரம்பித்த பிறகுதான் பரம்பரை வீடுகள் போயின" என்று இருவர் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் 1989-இல் பரம்பரைச் சொத்தில் மகளுக்குப் பங்கு வந்தபோது, அதற்கு முன்பே மணமாகிப் போன என்னைப் போன்றவர்களுக்கு அதில் இடமில்லை. 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் வந்த பிறகுதான் எங்களுக்கும் வந்தது. 2009-இல் எங்கள் பரம்பரை வீட்டுக்கு விலை பேசினார்கள். என் பங்கைப் பணமாகக் கேட்கவில்லை. வீட்டைக் கேட்டேன். அண்ணன்மார் பங்குக்கும் சேர்த்து, வெளியாள் கொடுக்கும் விலையை நானே கொடுக்கிறேன் என்றேன். நகையை அடகு வைக்க என் வீட்டுக்காரர் சம்மதித்திருந்தார். "கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பொறந்த வீடு எதற்கு? பணமாக வாங்கிக்கொள், கண்ணு" என்றார் பெரிய அண்ணன். சீர் செய்ய வேண்டிய உறவு கெட்டுவிடும் என்று அம்மா அழுதார். நான் கையெழுத்துப் போட்டேன். வாங்கியவர் அப்பாரு படத்துக்கு முன்னால் நின்று, ஒரு ஓட்டைக்கூட எடுக்க மாட்டேன் என்றார். பதினோராம் நாள் ஓடு இறங்கியது.

பங்கு கேட்டதால் வீடு போனது என்கிறீர்கள். வீட்டை வைத்துக்கொள்கிறேன் என்று கேட்ட ஒரே ஆள் நான்தான்.

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு கட்டடத்தில் இருந்து பெயர்த்த பழம்பொருள் தொல்பொருள் ஆகும், அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எங்கள் தூண்களும் நிலைக்கதவும் ஒரு லாரியில் ஏறியபோது எவரும் எதையும் கேட்கவில்லை.

ஆறு வருடம் கழித்து, ஊட்டி போகும் வழியில் ஒரு விடுதியில் சாப்பிட உட்கார்ந்தோம். மேசை மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் ஒரு கதவு. கீழ்ச்சட்டத்தில் ஒரு விரல் ஆழத்துக்குப் பிளந்த தழும்பு. எனக்கு ஏழு வயதில், கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த எங்கள் மயிலைக் காளை கொம்பால் முட்டிய இடம். பரிமாற வந்த பையன், "பழைய காலத்துக் கதவுங்க, அம்மா" என்றான். நான் இலையை மடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.