பிஸ்ஃபைல் விவகாரம் விதியை மாற்றவில்லை

"பிஸ்ஃபைலுக்குப் பிறகு சிங்கப்பூரில் யார் வேண்டுமானாலும் அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்கலாம்" என்று ஒருவர் இணையத்தில் எழுதியிருக்கிறார். தவறு. இதை நம்பி யாரும் எண்ணைக் கொடுத்துவிட வேண்டாம்.

2024 டிசம்பரில், நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் இணையதளத்தில் ஒருவரின் பெயரைத் தேடினால் அவருடைய முழு அடையாள அட்டை எண்ணும் தெரிந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அந்தத் தேடலை நிறுத்தி வைத்தார்கள். தனியார் நிறுவனங்கள் இந்த எண்ணை எப்போது வாங்கலாம் என்ற வழிகாட்டுதலில் மாற்றமில்லை என்று அரசு அப்போதே சொல்லிவிட்டது. இந்த எண் ரகசியமல்ல, கடவுச்சொல்லாக வைக்காதீர்கள் என்பதுதான் அது வலியுறுத்திய விஷயம். அதற்காக எல்லோரும் கேட்டு வாங்கலாம் என்று ஆகிவிடாது.

அந்த வழிகாட்டுதல் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. சட்டம் கேட்டால், அல்லது ஆளைத் துல்லியமாக உறுதிசெய்தே தீர வேண்டுமென்றால் மட்டுமே நிறுவனம் எண்ணைப் பதியலாம். மருத்துவமனை, புது சிம் இதெல்லாம் சரி. காண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலர் அட்டையை வாங்கிப் பார்க்கலாம், ஆனால் பதிவேட்டில் முழு எண்ணை எழுத வேண்டியதில்லை; கைபேசி எண்ணோ, 567ஏ மாதிரி கடைசி மூன்று இலக்கமும் எழுத்துமோ போதும். நீங்கள் திரும்பும்வரை அட்டையைப் பிடித்து வைப்பது, சட்டம் சொன்னாலொழிய, கூடவே கூடாது. அப்படிக் கேட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.