அந்தப் பிள்ளையின் காரையும் கொண்டையையும் விட்டுவிடுங்கள்

போன கிழமை முழுக்க எல்லோருடைய சுவரிலும் ஓடிய அந்த வீடியோவைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எங்கள் ஆட்கள் இரண்டு நாள் கத்திவிட்டு அடுத்த சண்டைக்குப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. நேற்றிரவு ஒரு பெரிய மனிசர், ஊரே மதிக்கிறவர், நானும் மதித்தவர், அந்தப் பிள்ளையின் முகத்தை வீடியோவிலிருந்து வெட்டி எடுத்துத் தன் பக்கத்தில் போட்டு, "இதுக்குத்தானோ நாங்கள் ஊரை விட்டு வந்தனாங்கள்?" என்று எழுதியிருக்கிறார். கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். அதில் எனக்குத் தெரிந்த பெண்களும் இருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். 12ஆம் வகுப்பு முடித்து புரொமுக்கு, அதாவது ஹைஸ்கூல் முடிக்கிற பிள்ளைகளின் விருந்தும் நடனமுமான இரவுக்குப் புறப்படுகிறாள். வாசலில் நீட்டு வெள்ளை லிமோசின். தகப்பன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அம்மம்மா சக்கர நாற்காலியில் இருந்தபடியே பேத்தியைக் குனியச் சொல்லி, கொண்டையில் சரிந்த பூவைச் செருகிவிடுகிறா. காருக்குள் பாட்டுப் போகிறது. அவ்வளவுதான் வீடியோ. இதில் யாருடைய மானம் போனது?

அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் முடித்ததைக் கொண்டாடுகிறாள். இதை இந்தப் பதிவில் நான் பல தடவை சொல்லத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் முடித்ததை.

கனடாவில், ரொறன்ரோப் பக்கம், இதே ஸ்காபரோவில், இதே மார்க்கம் நகரில், சாமத்திய வீட்டுக்கு, அதுதான் பிள்ளை பெரிய பிள்ளையான சடங்குக்கு, லிமோசின் வருகிறது. குதிரை வண்டி வருகிறது. பல்லக்கு வருகிறது. நானும் போயிருக்கிறேன், என்வலப் கொடுத்திருக்கிறேன், பலகாரம் சாப்பிட்டு வந்திருக்கிறேன். அதைப் பழிக்க வரவில்லை, அது பெற்றோரின் ஆசை. ஆனால் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். 12 வயசுக் குழந்தையின் உடம்பு தானாகச் செய்த ஒன்றுக்கு ஊரைக் கூப்பிட்டு, ஹோல் எடுத்து, மணவறை மாதிரி மேடை போட்டு, மணப்பெண் மாதிரித் தலை கட்டி, காரில் கொண்டுவந்து இறக்கலாம். அதே பிள்ளை இரவிரவாகக் கண் விழித்துப் படித்து, சனி ஞாயிறு கடையில் நின்று வேலையும் செய்து, ஹைஸ்கூலை முடித்துவிட்டு, தன் சிநேகிதிகளோடு ஒரு காரில் ஏறினால் மட்டும் பண்பாடு போய்விடுமா? முதலாவது கொண்டாட்டத்தில் பிள்ளையை யாரும் கேட்கவில்லை. இரண்டாவது அவள் சம்பாதித்தது. உங்களுக்குக் குத்துவது அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் புரொமுக்குப் போனது 1999 ஜூனில். அந்தக் காலத்தில் ஒன்ராறியோவில் ஓஏசி என்று 13ஆவது வருசம் ஒன்று இருந்தது, 2003இல்தான் அதை எடுத்தார்கள். ஆகவே நாங்கள் ஹைஸ்கூலை விட்டு வெளியே வரும்போது 18, 19 வயசு. அப்பா இரவு வேலை, அம்மா ஃபாக்டரியில் பொதி கட்டுகிற வேலை. புரொம் என்றால் என்ன என்று வீட்டில் விளங்கப்படுத்தவே எனக்கு ஒரு மாதம் எடுத்தது. "ஆம்பிளைப் பிள்ளையளும் வருவினமோ?" என்று அப்பா கேட்டார். வருவினம் என்றேன். பேசாமல் இருந்தார். பிறகு ஒரு நாள் வேலைக்குப் போகும்போது மேசையில் காசு வைத்துவிட்டுப் போனார். எதற்கு என்றும் சொல்லவில்லை.

நாங்கள் ஐந்து பெண்கள். ஜமேய்க்கக் குடும்பத்துப் பிள்ளை, பிலிப்பினோ, ஹொங்கொங்கிலிருந்து வந்தவள், கயானாக்காரி, நான். பகுதிநேர வேலைக் காசைச் சேர்த்து ஒரு லிமோசின் பிடித்தோம். லிங்கன் ரவுண் கார், வெள்ளை, நடுவில் வெட்டி நீட்டியது. அந்தக் காலத்தில் புரொம், கலியாணம் எல்லாவற்றுக்கும் அதுதான் ஓடியது. எங்கள் அப்பார்ட்மென்ற் வாசலில் கார் திரும்புகிற வட்டம் சின்னது. அந்த நீளத்துக்குத் திரும்ப முடியாமல் சாரதி முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்துக்கொண்டிருக்க, பல்கனிகளில் எல்லாம் சனம்.

தலையைச் சொல்லாமல் 99ஐச் சொல்ல முடியாது. பின்னால் உயரத் தூக்கிக் கட்டிய கொண்டை, முன்னால் காதோரம் இரண்டு பக்கமும் சுருட்டித் தொங்கவிட்ட முடி, சின்னச் சின்ன வண்ணத்துப்பூச்சிக் கிளிப்புகள். எனக்குத் தலை கட்டியது பக்கத்துத் தெருவில் பேஸ்மென்றில் மணப்பெண் அலங்காரம் செய்த ஒரு அன்ரி. அம்மா விடிய வைத்துவிட்ட நல்லெண்ணெய் போகவே இல்லை. ஷாம்பூ போட்டுப் போட்டுக் கழுவி, வாயில் ஊசிகளைக் கடித்துக்கொண்டே, "உன்ர தலைமயிருக்கு கேர்லிங் அயன் என்ன, கடவுளே வந்தாலும் நிக்காது" என்று திட்டித் திட்டிச் சுருட்டினா. ஸ்பிரே அடித்தபோது அறை முழுக்கப் புகை, இருமல். கடைசியில் வெள்ளையாகக் குறுணிப் பூ செருகிவிட்டுக் கண்ணாடி முன்னால் திருப்பினா. அப்படி ஒரு ஆளை நான் அதற்கு முதல் பார்த்ததில்லை. அன்ரி காசு வாங்கவில்லை. "படிச்சு முடிச்ச பிள்ளை, போ" என்றா. பாருங்கள், பேஸ்மென்றில் தலை கட்டிப் பிழைத்த அந்த மனிசிக்கு 1999இல் விளங்கியது, முகநூலில் கட்டுரை எழுதுகிற பெரியவருக்கு இன்றைக்கு விளங்கவில்லை.

பொடியன்களுக்கும் அப்போது தலைதான் முக்கியம். ஜெல் போட்டு முள் முள்ளாக நிறுத்தி, நுனிக்கு மட்டும் மஞ்சள் அடித்திருப்பார்கள். எங்கள் தமிழ்ப் பொடியன்கள் நடு உச்சி பிரித்து, தோளுக்குப் பெரிதான வாடகை ரக்சிடோ. யாரும் அவர்களைச் சிரிக்கவில்லை.

காருக்குள் ஏறியதும் சாரதி கண்ணாடியில் பார்த்து, "பிள்ளை எந்த ஊர்?" என்றார். தமிழர். எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது, அப்பாவுக்குத் தெரிந்தவராக இருந்தால் என்று. ஊரைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, தன் பையிலிருந்து ஒரு கசற்றை எடுத்துப் போட்டார். 'முஸ்தபா முஸ்தபா'. கூரையில் சின்ன விளக்குகள் நிறம் மாறி மாறி எரிய, தமிழ் ஒரு சொல் தெரியாத நாலு பெண்கள் முஸ்தபா, முஸ்தபா என்று கத்திப் பாடிக்கொண்டு வந்தார்கள். அன்றிரவு ஹோலில் பாக்ஸ்ட்ரீட் போய்ஸ் போட்டார்கள், செலின் டியோன் போட்டார்கள், கரீபியன் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு டான்ஸ்ஹோல் என்கிற ஜமேய்க்கப் பாட்டுகளைப் போட வைத்தார்கள். எல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் என் புரொம் பாட்டு எது என்று யாராவது கேட்டால் நான் சொல்வது அந்த ரஹ்மான் பாட்டைத்தான். கார்ப் பயணத்துக்கு என்ன பெறுமதி என்று கேட்கிறீர்களே, இதுதான் பெறுமதி. அந்த நாலு பேரும் இன்றைக்கும் என் சிநேகிதிகள்.

விடியத் திரும்பி வந்தபோது அம்மா வேலைக்குப் போகாமல் இருந்தா. என்னைக் கதிரையில் இருத்தி, தலையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கோப்பைக்குள் போட்டா. "நல்லாச் சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்டா.

பிறகுதான் வந்தது வினை. பல்கனியில் பார்த்த யாரோ ஒருவர், கோயிலில் வைத்து அம்மாவிடம், "உங்கட மகள் வெள்ளைக் காரில கலியாணக் கோலத்தில போனவளாம், ஆரோடயாம்?" என்று கேட்டிருக்கிறார். நாலு பேர் கேட்கக் கேட்டிருக்கிறார். அம்மா எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அல்பத்தில் இருந்த புரொம் படங்களைக் கழற்றி ஒரு பிஸ்கட் பேணிக்குள் வைத்துவிட்டா. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் பேணி அலுமாரிக்கு மேலே போய்விடும். என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோசமாக இருந்த ஒரு நாள், களவுப் பொருள் மாதிரி ஒளிந்திருந்தது. அந்த வலி எனக்கு இன்னும் போகவில்லை. போன கிழமை அந்த வீடியோவுக்குக் கீழே நீங்கள் எழுதியதெல்லாம் கோயில் வாசலில் கேட்ட அதே கேள்விதான்.

"காசைக் கரியாக்கினம்" என்கிறார்கள். கார் ஒரு பிள்ளைக்குப் பிடிப்பதில்லை, எட்டுப் பத்துப் பேர் பங்கு போட்டுப் பிடிப்பது. "இதுகள் குடிச்சுப் போட்டு வருங்கள்" என்கிறார்கள். பிள்ளைகள் தாங்கள் கார் ஓட்டாமல், வேலையில் இருக்கிற ஒரு பெரிய ஆளின் காரில் போய் வருவதுதான் பாதுகாப்பு, இதற்கு மேல் என்ன சொல்ல?

"வெள்ளைக்காரன்ர கூத்து எங்களுக்கு ஏன்?" என்பது அடுத்தது. இந்தக் கூத்துக்குள் நுழைய எத்தனை பிள்ளைகள் அடிபட்டிருக்கிறார்கள் என்று கொஞ்சம் வாசியுங்கள். அமெரிக்காவில், ஜோர்ஜியாவின் வில்கொக்ஸ் கவுண்டியில், வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒன்று, கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்று என்று பெற்றோர் தனித்தனியாகத்தான் புரொம் நடத்தினார்கள். 2013இல் நாலு மாணவிகள், இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளை, காசு சேர்த்து எல்லோருக்கும் பொதுவாக ஒன்றை நடத்திக் காட்டினார்கள். 2013! பக்கத்தில், ஒஷாவாவில், மார்க் ஹால் என்ற கத்தோலிக்கப் பாடசாலை மாணவன் தன் காதலனோடு புரொமுக்குப் போகக் கூடாது என்று சொல்ல, அவன் நீதிமன்றம் போனான். 2002 மே 10, புரொம் நடக்கிற அன்றைக்கே தீர்ப்பு வந்து, அன்றிரவே போனான். ஒரு ஹோல், ஒரு டிஜே, நாலு பாட்டு, அவ்வளவுதானே என்று நீங்கள் சொல்கிற இரவுக்காக. நானும் இந்த வகுப்பில்தான் இருந்தேன், எனக்கும் இதில் இடம் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகள் சொன்னார்கள். அகதியாக வந்த வீட்டுப் பிள்ளை அதே வாசலால் தலை நிமிர்ந்து போனால் நாங்கள் கைதட்ட வேண்டாமா?

"ஊரில பிள்ளையள் சாக, இங்க இதுகள் ஆடிச்சினம்" என்று என் வயசுக்காரர்களைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தார். இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஃபோனை வைத்துவிட்டேன். ஐயா, எனக்கு வன்னியில் என் வயசில் ஒரு மச்சாள் இருந்தாள். 95இல் சண்டை நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு நடந்தவர்களில் ஒருத்தி. அந்த நாட்களில் அங்கே ஃபோன் இல்லை, கொழும்பு வழியாகக் கடிதம்தான். புரொம் என்று எழுதலாமா கூடாதா என்று யோசித்து யோசித்து எழுதினேன். அவள் என்ன பதில் போட்டாள் தெரியுமா? "எப்பிடித் தலை இழுத்தனீ? படம் அனுப்பு." அனுப்பினேன். "பூ வச்சதுதான் வடிவு, காரைக் கொஞ்சம் கிட்ட எடுத்திருக்கலாம்" என்று எழுதினாள். குண்டுக்குள் இருந்தவள் என் கொண்டையைக் குறை சொல்லவில்லை. அவளுடைய பெயரால் என் பிள்ளைகளின் வயசுப் பெண் ஒருத்தியை அவமானப்படுத்த உங்களுக்கு உரிமை இல்லை.

இன்னொன்று. அதே கிழமை எங்கள் சொந்தத்தில் ஒரு தம்பி வாடகைக்கு எடுத்த ஸ்போர்ட்ஸ் காருக்குப் பக்கத்தில் நின்று புரொம் படம் போட்டிருந்தான். தலையைச் சுற்றிக் கோடு கோடாக வழித்திருந்தான். அதற்குக் கீழே, இந்தப் பிள்ளையைத் திட்டிய அதே பெயர்கள்: "கலக்கிறாய் தம்பி", "ஹீரோ". அப்போது பிரச்சினை காரும் இல்லை, காசும் இல்லை, பண்பாடும் இல்லை. பிரச்சினை பெண்பிள்ளை. நேராகச் சொல்லுங்கள், அதற்கு நேராகவே பதில் சொல்லலாம்.

என் மூத்தவளுக்கு 2020. கொரோனாவால் மார்ச்சில் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள், அந்தப் படிப்பு வருசம் முடியும்வரை திறக்கவே இல்லை. புரொம் இல்லை. வாங்கி வைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, நான் தலை கட்டிவிட, ட்ரைவ்வேயில் நின்றாள். சிநேகிதிகள் காரில் மெதுவாக வந்து ஹோர்ன் அடித்துவிட்டுப் போனார்கள். கண்ணாடியைக்கூட முழுதாக இறக்கவில்லை. அவள் உள்ளே வந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், நான்தான் குளியலறைக்குள் போய் அழுதேன். இல்லாமல் போன பிறகுதான் இதன் அருமை எனக்கு முழுதாகத் தெரிந்தது. கிடைத்த பிள்ளையிடமிருந்து நீங்கள் அதைப் பறிக்கிறீர்கள்.

விமர்சித்தவர்களில் ஒரே ஒருத்தி கேட்டதை மட்டும் என்னால் ஒதுக்க முடியவில்லை. "அக்கா, காருக்குக் காசில்லாத பிள்ளையள் என்ன செய்யிறது? இந்த வீடியோவைப் பாத்திட்டு என்ர மகள் புரொமுக்கே போக மாட்டன் எண்டு நிக்கிறாள்." அவவுக்கு இரவு நெடுநேரம் பதில் எழுதினேன். ஜூனில் கார் வாடகை ஏறும், டிக்கெற், உடுப்பு, சப்பாத்து, தலை என்று கூட்டினால் இரண்டு வேலை செய்கிற வீட்டுக்கே பாரம்தான், உண்மை. சிரிப்புக் குறி போட்ட கையால் இதற்கு யாராவது ஏதாவது செய்திருந்தால் நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

ஆகவே நான் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். என் மூத்தவளின் உடுப்பு, ட்ரைவ்வேயில் நின்றதோடு சரி, புதிதாகவே இருக்கிறது. இளையவளுடையது இரண்டு. சிநேகிதிகளிடமும் கேட்டிருக்கிறேன், அவர்களுடைய மகள்மாருடையதும் வரும். எங்கள் வான் எட்டுப் பேர் கொள்ளும், கழுவித் துடைத்து நானே ஓட்டி வருவேன். தலை கட்டவும் வருவேன், கேர்லிங் அயன் என்னிடம் இருக்கிறது. தேவைப்படுகிற பிள்ளைகள் இன்பொக்ஸில் அளவும் உயரமும் திகதியும் மட்டும் எழுதினால் போதும். யாருடைய மகள் என்று கேட்க மாட்டேன்.