லேப்ஸ் என்றால் கேன்சல் இல்லை

தமிழ்நாடு-கேரள எல்லையில், குமுளி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் எடுப்பதைவிட, வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வதுதான் எனக்குப் பெரிய வேலை. காலையில் கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு வருகிறவர்கள், சாயங்காலம் திரும்பும்போது கடை வாசலில் இறங்கி, நாலாக மடித்த கவரை நீட்டுவார்கள். பேங்கிலிருந்து வந்திருக்கும், இன்சூரன்ஸிலிருந்து வந்திருக்கும். எல்லாம் இங்கிலீஷ்.

போன வாரம் அப்படி வந்த ஒரு பெண், கவரைக் கொடுக்கும்போதே கோபமாக இருந்தாள்.

"அண்ணே, என் பாலிசிய எவனோ லேப்ஸ் பண்ணிட்டானாம். ஏஜென்ட் வேலையாத்தான் இருக்கும். யாருன்னு பாத்துச் சொல்லுங்க, நாளைக்கே போய்க் கேக்குறேன்."

பிரித்துப் பார்த்தேன். 'யுவர் பாலிசி ஹேஸ் லேப்ஸ்ட்' என்று இருந்தது. யாரும் எதுவும் பண்ணியதாக அதில் இல்லை. இந்த இடத்தில் இருக்கவும் முடியாது, ஏனென்றால் இன்சூரன்ஸ் கடிதத்தில் வருகிற லேப்ஸ் என்ற வினைச்சொல்லுக்குச் செய்கிற ஆள் கிடையாது. பானை உடைந்தது என்பதற்கும் பானையை உடைத்தான் என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! லேப்ஸ், 'உடைந்தது' வகை. நாம் எந்த இங்கிலீஷ் வினையோடும் 'பண்ணு' சேர்த்துப் பேசிப் பழகிவிட்டோம். கேன்சல் பண்ணினான், டிரான்ஸ்ஃபர் பண்ணினான், சரி. லேப்ஸ் பண்ணினான் என்று சொன்னதும், இல்லாத ஒரு ஆள் வந்து நின்றுவிடுகிறான். அந்தப் பெண் தேடிக்கொண்டிருந்தது அந்த ஆளைத்தான். கட்டாயம் ஒரு ஆளைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் இங்கிலீஷில் 'லெட் இட் லேப்ஸ்' என்பார்கள். நழுவ விட்டார் என்று அர்த்தம். அப்போதும் அது தானாகத்தான் நழுவுகிறது. அவர் பிடிக்காமல் விட்டார், அவ்வளவுதான்.

இதை நான் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இந்த ஒரு வார்த்தையை ஒருமுறை தப்பாகப் படித்துச் சொன்னவன் நான்.

2001. அப்பா பீர்மேடு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தார். தேயிலை விலை விழுந்து, அந்த வட்டாரத்தில் எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிய காலம். சம்பளம் நின்றது, பிரீமியமும் நின்றது. அதற்கு முன்னால் இரண்டு வருஷம்போலத்தான் கட்டியிருந்தார். ஒரு நாள் கடிதம் வந்தது. பிளஸ் டூ படிக்கிற பையன் என்பதால் என்னைப் படிக்கச் சொன்னார். முதல் வரியில் லேப்ஸ்ட் என்று இருந்தது. எனக்கு அது புரியவில்லை, ஆனால் புரிந்த மாதிரி, "கேன்சல் ஆயிருச்சுப்பா" என்றேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கடிதத்தை வாங்கி, மடித்து, டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்தார்.

இரண்டாவது பத்தியை நான் படிக்கவே இல்லை. கட்டாத தவணையை வட்டியோடு கட்டி 5 வருஷத்துக்குள் பாலிசியை மறுபடி உயிர்ப்பித்துக்கொள்ளலாம் என்று அதில் தெளிவாக இருந்தது. அடுத்த வருஷமே அப்பாவுக்குக் கம்பத்தில் வேலை கிடைத்துவிட்டது. அந்தப் பணத்தைக் கட்ட முடியாத நிலைமை இல்லை. கேன்சல் ஆனதற்கு எதற்குக் கட்டுவது என்று விட்டுவிட்டார். 2009-ல் அவர் இறந்த பிறகு பெட்டியைக் கிளறும்போதுதான் அந்தக் கடிதத்தை முழுசாகப் படித்தேன்.

கேன்சல், எக்ஸ்பயர், லேப்ஸ் மூன்றையும் 'முடிந்துபோச்சு' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். மூன்றும் வேறு. கேன்சல் என்பதற்கு லத்தீனில் மூலம், கம்பித் தட்டி. எழுதியதன் மேல் தட்டி போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழிப்பதிலிருந்து வந்தது. (மலையாளத்தில் ஜன்னல் கம்பிக்கு அழி என்பார்கள். நமக்கு அழி என்றால் எழுதியதை அழிப்பது. இரண்டும் இப்படிப் பக்கத்தில் வந்து நிற்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடிக்கும்.) கோடு கிழிக்க ஒரு கை வேண்டும். அதனால் கேன்சலுக்கு ஆள் உண்டு, போய்ச் சண்டை போடலாம். எக்ஸ்பயர் என்பது மூச்சை வெளியே விடுவது. மாத்திரை அட்டையில் போட்ட தேதி வந்ததும் அதன் ஆயுள் முடிகிறது. அப்படி முடிய வேண்டும் என்றுதான் ஆரம்பத்திலேயே எழுதியிருக்கிறது.

லேப்ஸ் இந்த இரண்டும் இல்லை. அது ஓடிக்கொண்டே இருந்திருக்கலாம். செய்ய வேண்டிய ஒன்றை உரிய நேரத்தில் செய்யாததால் கை நழுவியது. மார்ச் மாதம் வந்துவிட்டால் பஞ்சாயத்தில் எல்லோரும் "ஃபண்டு லாப்ஸாகும்" என்று ஓடுவார்கள் அல்லவா? 31-ஆம் தேதிக்குள் செலவு செய்யாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். அதே வார்த்தைதான். கேரளத்தில் அதை லாப்ஸ் என்பார்கள், மலையிறங்கினால் லேப்ஸ்.

லத்தீனில் லாப்சுஸ் என்றால் வழுக்கல், சறுக்கல். அதிலிருந்தே தவறு என்ற பொருளும் வந்தது. நமக்கும் அப்படியே ஒரு சொல் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் படித்தோம்: வழு. வழுக்குவதும் வழுதான், இலக்கணம் தவறுவதும் வழுதான். வழு, வழாநிலை, வழுவமைதி என்று மூன்றையும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது, மாட்டைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது வழுவமைதி என்று சொல்லிக்கொடுத்தார்கள். தப்புதான், ஆனால் அன்பினால் வந்த தப்பு, ஏற்றுக்கொள்ளலாம் என்று. ஒரு நழுவலுக்குக்கூட அமைதி சொல்லத் தெரிந்த மொழியில், லேப்ஸை மட்டும் ஏன் கேன்சல் ஆக்கினோம் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

ஃபாரங்களில் தமிழில் போடும்போது 'காலாவதி' என்று போடுகிறார்கள். அது எக்ஸ்பயர் ஆன மாத்திரைக்குப் பொருந்தும், பாலிசிக்குப் பொருந்தாது. இந்த எல்லையில் அந்தச் சொல்லால் இன்னொரு குழப்பமும் உண்டு. மலையாளத்தில் காலாவதி என்றால் எதுவரை செல்லும் என்கிற கெடு. ஒரு நாள் வண்டிப்பெரியாறு பாட்டி ஒருத்தர் தன் இன்சூரன்ஸ் கார்டோடு வந்து, "காலாவதி ஆயிருச்சாம்ப்பா" என்று கண் கலங்கினார். கவுன்டரில் இருந்தவர் சொன்னது, "காலாவதி மார்ச் வரெ உண்டு". மார்ச் வரைக்கும் கார்டு செல்லும் என்று நல்ல செய்தி சொல்லியிருக்கிறார். பாட்டி அதைத் தமிழ்ச் சொல்லாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

செய்கிற ஆள் இல்லாத வினை என்று சொன்னேன். அதனாலேயே, ஆள் இருக்கும் இடத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தால் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். டல்ஹவுசி 1848 முதல் 1856 வரை கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, சொந்த மகன் இல்லாமல் ராஜா இறந்தால், தத்துப் பிள்ளையை ஏற்காமல் நாட்டை எடுத்துக்கொண்டார்கள். சத்தாரா, ஜான்சி, நாக்பூர் எல்லாம் அப்படிப் போனவை. அதற்கு பிரிட்டிஷ்காரர்கள் வைத்த 'டாக்ட்ரின் ஆஃப் லேப்ஸ்' என்ற பெயரில் இருந்ததும் இதே லேப்ஸ்தான். நம் பாடப்புத்தகத்தில் வாரிசு இழப்புக் கொள்கை. மலையாளத்தில் படித்தவர்களைக் கேட்டால் தத்தாவகாச நிரோதனம் என்பார்கள், தத்து உரிமையைத் தடுப்பது. மலையாளச் சொல் உண்மையைச் சொல்கிறது, ஒருவர் தடுத்தார் என்று. லேப்ஸ் என்று எழுதினால் ஜான்சி தானே வழுக்கி அவர்கள் மடியில் விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது.

எங்கள் ஊரில் இந்தச் சொல் இன்னொரு இடத்திலும் வந்து நின்றது. 1947-ன் இந்திய சுதந்திரச் சட்டம் 7-ஆவது பிரிவு, சமஸ்தானங்களின் மேல் இருந்த பிரிட்டிஷ் மேலாதிக்கம் லேப்ஸ் ஆகிறது, அதோடு உடன்படிக்கைகளும் போகின்றன என்று சொல்கிறது. முல்லைப் பெரியாறு அணைக்காகத் திருவிதாங்கூர் ராஜா 1886-ல் பிரிட்டிஷ் அரசுக்கு 999 வருஷத்துக்குக் கொடுத்த நிலக் குத்தகையும் அதோடு போய்விட்டது என்று கேரளம் வாதாடியது. 2014 மே 7-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. அது அரசியல் உடன்படிக்கை இல்லை, அதனால் அந்தப் பிரிவு அதைத் தொடாது என்றது. 1970-ல் இரண்டு மாநிலமும் சேர்ந்து குத்தகையைத் திருத்திக் கையெழுத்தும் போட்டிருந்தன. அணையைப் பற்றி இங்கே சண்டை வேண்டாம், எனக்கு மலைக்கு இரண்டு பக்கமும் சொந்தம் இருக்கிறது. ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து, இது லேப்ஸ் ஆனதா இல்லையா என்று அலச வேண்டியிருந்த சொல் இது. அதைத்தான் நாம் கடை வாசலில் ஒரு நொடியில் கேன்சல் என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

சரி, அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். ஒன்றரை வருஷம் கட்டியிருக்கிறாள். அப்புறம் கை ஒடிந்து, வேலைக்குப் போகவில்லை, தவணை நின்றுவிட்டது. மாதத் தவணை என்றால் கெடு தாண்டி 15 நாள், மற்றதற்கு 30 நாள் பார்ப்பார்கள். அதற்குள்ளும் கட்டாவிட்டால்தான் இப்படிக் கடிதம் வரும். சாதாரண பாலிசியாக இருந்தால், இப்போதுள்ள விதிப்படி, கட்டாமல் விட்ட முதல் தவணையிலிருந்து 5 வருஷத்துக்குள் உயிர்ப்பிக்கலாம். யூலிப், அதாவது கட்டுகிற பணத்தைப் பங்குச் சந்தை போன்றவற்றில் போடுகிற பாலிசி என்றால் 3 வருஷம். பாக்கி, வட்டி, உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு ஃபாரம், சில சமயம் டாக்டர் சோதனை. அவளுக்கு நின்று 14 மாதம்தான் ஆகிறது. ஆனால் இடையில் ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம், அதனால் தள்ளிப்போடாதே என்றும் சொன்னேன்.

"அப்ப எவனும் பண்ணலையா?"

"யாரும் பண்ணலம்மா. நின்னுபோச்சு. கட்டுனா திரும்ப ஓடும்."

கொஞ்ச நேரம் கவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏஜென்டைப் பற்றி அப்புறம் பேசவில்லை. பாக்கி எவ்வளவு வரும் என்று கேட்டாள், சனிக்கிழமை சம்பளத்தில் பாதி, மிச்சத்தைத் தம்பியிடம் கேட்கலாம் என்று தானே கணக்குப் போட்டாள். இப்போதெல்லாம் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வாயால் சொல்வதோடு விடாமல் கவரின் பின்பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுவேன், வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால் பார்க்கட்டும் என்று. அவளுக்கும் எழுதினேன்: "பணம் கட்டாததால் நின்றிருக்கிறது. கேன்சல் இல்லை. வட்டியோடு கட்டினால் தொடரும்." அதற்குக் கீழே கடைசித் தேதியைப் பெரிதாக எழுதி, இரண்டு தடவை அடிக்கோடு போட்டேன்.