யார்டு காலி இடம் இல்லைங்க

போன வாரம் சென்னையிலிருந்து பெங்களூருக்குத் திரும்பும்போது வழக்கம்போல ரயிலை அவுட்டரில், அதாவது ஸ்டேஷனுக்கு வெளியே சிக்னலில், நிறுத்திவிட்டார்கள். கண்டோன்மென்ட் தாண்டியாயிற்று, பெட்டிகளை வாசலில் அடுக்கியாயிற்று, வண்டி நகரவில்லை. பொறுக்காமல் இரண்டு பையன்கள் ஜல்லியில் குதித்து ஓகளிபுரம் பக்கம் நடையைக் கட்டினார்கள். எதிர் சீட்டுக்காரர், "நடு ஊர்ல இவ்வளவு தண்டவாளம் சும்மா கிடக்கு, வித்தா எத்தனை கோடி தேறும்!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வண்டிகளை நிறுத்தி, பெட்டிகளைச் சேர்த்துப் பிரிக்கிற சிட்டி ஸ்டேஷன் யார்டு போட்ட சோறுதான் எங்கள் வீட்டில். அப்பா பாயிண்ட்ஸ்மேன், ஸ்ரீராம்புரத்திலிருந்து நடந்தே டியூட்டிக்குப் போவார். இரண்டு பெட்டிகளின் பஃபருக்கு (இடிதாங்கிக்கு) நடுவே குனிந்து நுழைந்து, கொக்கியை மாட்டித் திருகி, வெளியே வந்து விளக்கைக் காட்டுவார். அவர் சட்டையை அம்மா தனி வாளியில்தான் ஊறவைப்பாள். கிரீஸ் மற்ற துணியில் ஏறினால் போகாது.

அப்போது பெங்களூர் இரண்டு கேஜ் (தண்டவாள இடைவெளி) ஊர். ஜோலார்பேட்டை பக்கமிருந்து 1,676 மி.மீ. அகலப்பாதை, மைசூருக்கு 1,000 மி.மீ. மீட்டர் கேஜ். ஒன்றின் சக்கரம் மற்றதில் ஓடாது. அதனால் சரக்கு மூட்டை மூட்டையாக ஒரு வேகனிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறும். முதுகு கொடுத்தவர்களில் எங்கள் தெருக்காரர்களும் உண்டு. தொண்ணூறுகளில் மைசூர் பாதை அகலமானதும் அந்த வேலை போயிற்று. போகட்டும், முதுகை ஒடிக்கிற வேலை அது. அப்புறம் சரக்கு ஒயிட்ஃபீல்டு பக்கம் போனது. பின்னி மில் இருந்த இடத்தில் மாலும் அபார்ட்மென்ட்டும் வந்தன. தண்டவாளம் மாற்ற லீவர் இழுத்த கேபின் போய்க் கம்ப்யூட்டர் திரை வந்தது.

ஆனால் ஆட்களை இறக்கியதோடு ரயிலின் வேலை முடிகிறதா? காலி ரேக்கை (பெட்டித் தொடரை) இழுத்துப்போய் நிறுத்த வேண்டும், அடியில் பள்ளம் வெட்டிய பிட் லைனில் ஏற்றி அடியில் இறங்கி பிரேக் பார்க்க வேண்டும், கழுவித் தண்ணீர் நிரப்ப வேண்டும். அதற்கு லைன் இல்லையென்றால் 10 பிளாட்பாரமும் அடைத்துக்கொள்ளும், பின்னால் வருவது அவுட்டரில் நிற்கும். இந்த நெருக்கடிக்குத்தான் 2022-இல் பையப்பனஹள்ளியில் 7 பிளாட்பாரத்தோடு புது முனையம் திறந்தார்கள். நல்லதுதான். ராத்திரி பதினொன்றுக்கு அங்கே இறங்கி ஸ்ரீராம்புரத்துக்கு ஆட்டோ பேசிப் பாருங்கள், தெரியும். நடு ஊரில் இருப்பதையும் விற்றுவிட்டால் எல்லாருக்கும் அதே கதிதான்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. பக்கத்து லைனில் விளக்கணைந்த காலி ரேக் ஒன்று மெல்ல எங்களைத் தாண்டிப் போனது. சற்று நேரத்தில் எங்கள் வண்டியும் குலுங்கி நகர்ந்தது.

"பாத்தீங்களா சார், அது வெளியே போனதாலதான் நாம உள்ளே போறோம்" என்றேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார்.