பாடம் நடத்தாத சார்

எங்க பள்ளிக்கூடத்தில் ஹாக்கி சொல்லிக்கொடுத்த பி.டி. சார், அதாவது உடற்கல்வி ஆசிரியர், இறந்ததற்கு ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர்கள் நடத்திய நினைவேந்தல் வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. முழுக்கதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்த ஒரு வரி மட்டும்தான் நாலு நாளாகத் தொண்டையில் நிற்கிறது. "சார் நமக்குப் பாடம் நடத்தலைன்னாலும் ஒழுக்கத்தைக் கத்துக்கொடுத்தார்." சொன்னவர் பெரிய பதவியில் இருக்கிறார். அரங்கமே கைதட்டியது. சாரோட வீட்டம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாங்க.

பாடம் நடத்தலையாம்!

முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே பள்ளிக்கூடம், ஒரே மைதானம். ஹாக்கிக்குப் பேர் போன கோவில்பட்டி என்று வெளியூரில் பெருமை பேசுகிறோமே, இங்கே நடக்கிற லட்சுமி அம்மாள் கோப்பை ஹாக்கிப் போட்டிக்கு வருகிற டீம்களை வேடிக்கை பார்த்தா நம்ம பிள்ளைகள் ஆடக் கற்றுக்கொண்டார்கள்? 2022இல் மாரீஸ்வரனும் கார்த்தியும் ஜகார்த்தாவில் இந்திய அணிக்காக ஆசியக் கோப்பை ஹாக்கி ஆடினபோது ஊரே ஸ்டேட்டஸ் வைத்தது. அவர்கள் எங்க சாரிடம் படித்தவர்கள் இல்லை, அரசு விளையாட்டு விடுதியில் வளர்ந்தவர்கள். நான் பேசுவது அதற்கும் முந்தின படியைப் பற்றி. ஆறாம் வகுப்புப் பையன் கையில் முதன்முதலாக ஸ்டிக்கைக் கொடுக்கிற பி.டி. சார்களைப் பற்றி.

எனக்கு வலது கையை இறுக்கிப் பிடிக்கிற கெட்ட பழக்கம். ஹாக்கியில் ஸ்டிக்கைத் திருப்ப வேண்டியது மேலே இருக்கிற இடது கை. கீழே இருக்கிற வலது கை இளகி வழிவிடணும். அது வராவிட்டால் ட்ரிப்ளிங், அதாவது பந்தை ஸ்டிக்கால் தட்டித் தட்டிக் கொண்டுபோவது, வராது. சார் திட்டவில்லை. மறுநாள் பிவிசி குழாயில் ஒரு சாண் அறுத்து எடுத்து வந்து ஸ்டிக்கில் மாட்டி, "வலது கையால குழாயை மட்டும் பிடிடா, இடது கையால திருப்பு" என்றார். குழாய் அசையவில்லை, உள்ளே ஸ்டிக் மட்டும் சுற்றியது. அன்றைக்கே விளங்கிவிட்டது. பிள்ளைக்கு எங்கே இடிக்கிறது என்று பார்த்து, ராத்திரி யோசித்து, அதற்கு ஒரு வழி செய்துகொண்டு வருவதற்குப் பேர் பாடம் நடத்துவது இல்லை என்றால் வேறு என்ன? எனக்கு அல்ஜீப்ரா எடுத்தவர் ஒருநாளும் இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

"நல்லவிதமாத்தானே சொன்னாங்க, இதைப் போய் பெருசு பண்றியே" என்று இன்பாக்ஸில் சொல்கிறார்கள். அதுதாங்க பிரச்சினையே. புகழும்போதே அவர் செய்த வேலையை இல்லை என்று ஆக்கிவிடுகிறோம், அது நமக்குத் தெரிவதுகூட இல்லை.

"அவர் அடிப்பாரே, அதை ஏன் எழுதலை?" அடிப்பார். தப்புதான். அந்தக் காலத்தில் அடிக்காத வாத்தியார் யாரு? மற்ற சார்களுக்கு நினைவேந்தல் நடந்தபோது இந்தக் கேள்வியை யாரும் கேட்ட மாதிரி தெரியலையே.

"விளையாடி எத்தனை பேர் உருப்பட்டாங்க?" ரயில்வேயிலும் போலீஸிலும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போனவர்கள் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களே சொல்லட்டும். நான் வேலைக்காகப் பேசவும் இல்லை. தமிழய்யாவிடம் படித்து எத்தனை பேர் கவிஞர் ஆனாங்க என்று யாராவது கணக்குக் கேட்டிருக்கீங்களா?

பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொள்வார். கணக்கு பீரியட் ஒருநாளாவது மைதானத்துக்கு வந்திருக்கிறதா? பிரேயர்ல வரிசை நிறுத்த, லேட்டா வந்தவனை கேட்டில் மடக்க, சுதந்திர தினத்துக்கு மார்ச் பாஸ்ட் விட, விழாவில் கூட்டத்தை ஒதுக்க மட்டும் பி.டி. சார் வேணும்.

பி.டி. உஷாவின் கோச் நம்பியாரை எடுத்துக்கோங்க. அவரும் கண்ணூர் விளையாட்டுப் பள்ளியில் பிள்ளைகளைப் பழக்கியவர். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் உஷாவுக்கு நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலம் போச்சு. மறுவருஷம் பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சார்யா விருதை முதன்முதலாக வாங்கியவர்களில் அவரும் ஒருத்தர். பத்மஸ்ரீ? 2021 ஜனவரியில் அறிவித்தார்கள், ஆகஸ்டில் மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒலிம்பிக் வரை கொண்டுபோனவருக்கே அவ்வளவு தாமதம் என்றால், மாவட்ட அளவில் நின்றுபோன எங்க சார் எம்மாத்திரம்.

இப்போது நிலைமை மாறிவிட்டது என்று சொல்ல வருகிறவர்களுக்கு: 2012இல் உடற்கல்வி, ஓவியம், தையல் என்று பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்களே, சேர்ந்தபோது மாதச் சம்பளம் ஐயாயிரம். நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்காகப் போராடினார்கள். அந்தச் செய்தி வந்தால் லைக் போடக்கூட நமக்கு விரல் வராது. சார் செத்தால் மட்டும் பேனர், மாலை, கண்ணீர் அஞ்சலி.

சரி, சூடாகிவிட்டேன். ஆனால் முதல் வரிசையில் இருந்த சாரோட வீட்டம்மா முகத்தைப் பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் சூடாகியிருப்பீர்கள். டீம் பசங்களுக்கு முட்டை அவித்துத் தூக்குவாளியில் போட்டு அனுப்பியது அவங்கதான். மேடையிலிருந்து அவங்களுக்கு ஒரு வணக்கம் கிடையாது. கடைசியில் சால்வையை மகன் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பழைய மாணவர் குரூப்பிலிருந்து வெளியே வந்தது கோபத்தில்தான். திரும்பச் சேர்க்க வேண்டாம். நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தீங்க. அந்தக் குழாயைப் பற்றி எழுதித் தருகிறேன். மேலே 'ஒழுக்கத்தின் சிகரம்' என்று தலைப்புப் போடுவதாக இருந்தால் சொல்லிவிடுங்கள், எழுதலை.